கிணற்றைக் கேட்டுத் தலை முழுகுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: கூந்தல், சருமம், அன்றாட நலம்

கச்சான் காற்று தொடங்கிவிட்டது, கிணறுகளில் தண்ணீரும் இறங்கிவிட்டது. இந்த மாதக் கேள்விகளில் பல “எந்த எண்ணெய் நல்லது, எந்த ஷாம்பூ நல்லது” என்றுதான் தொடங்குகின்றன. பதில் எழுத உட்கார்ந்தால் நாங்கள் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எந்தத் தண்ணீரில் முழுகுகிறீர்கள்? ஆகையால் அந்தக் கேள்வியே முதலில்.

கேள்வி: ஹட்டனிலிருந்து கலியாணமாகிச் சாம்பல்தீவுக்கு வந்து ஒரு வருடம். அங்கே பாவித்த அதே சவர்க்காரம், அதே ஷாம்பூதான் இங்கேயும். ஆனால் முடி தும்பு மாதிரி ஆகிவிட்டது. முழுகிக் காய்ந்த பிறகும் பிசுபிசுக்கிறது. சீப்பில் வெள்ளையாக மாவு போல ஒட்டுகிறது. பொடுகென்று நினைத்து மருந்து வைத்தேன், குறையவில்லை.
– வாசகி, சாம்பல்தீவு

பதில்: சீப்பில் ஒட்டும் அந்த மாவை விரல் நுனியில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். பொடுகென்றால் செதிலாக உதிரும், தலையும் கடிக்கும். மெழுகு போல வழுக்கினால் அது சவர்க்காரக் கசடு. நீங்கள் எழுதியிருப்பது இரண்டாவதைப் போலத்தான் இருக்கிறது.

ஹட்டனில் நீங்கள் குளித்தது மென்னீர். இங்கே கரையோரக் கிணறுகளில் பெரும்பாலும் வன்னீர். கல்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். சவர்க்காரம் அவற்றோடு சேர்ந்ததும் நுரைப்பதற்குப் பதிலாகத் தண்ணீரில் கரையாத கசடாகத் திரளும். குளியல் வாளியின் உட்புறத்தில் சாம்பல் நிறக் கோடாகப் படிகிறதே, அதேதான் உங்கள் முடியிலும் படிகிறது. எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகாது, ஏனென்றால் ஊற்றுகிற தண்ணீரிலும் அதே கல்சியம்தான்.

சந்தேகம் தீர ஒரு சோதனை. மூடியுள்ள தெளிந்த போத்தல் இரண்டு எடுங்கள். ஒன்றில் பாதிக்குக் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் பாதிக்குக் கடையில் வாங்கிய குடிதண்ணீர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர். கட்டிச் சவர்க்காரத்தில் பயறளவு சீவி இரண்டிலும் போட்டு, கரையவிட்டு, பத்துத் தரம் குலுக்குங்கள். மென்னீரில் நுரை எழும்பி நிற்கும், கீழே தண்ணீர் ஓரளவு தெளிவாக இருக்கும். வன்னீரில் நுரை சட்டென்று அடங்கி, தண்ணீர் பால் போலக் கலங்கி, மேலே திரிந்த பால் மாதிரித் திரளை மிதக்கும். இதற்குத் திரவச் சவர்க்காரம் வேண்டாம். போத்தலில் வரும் பல வகைகள் உண்மையில் சவர்க்காரமே அல்ல, அவை எந்தத் தண்ணீரிலும் நுரைக்கும்.

இனிச் செய்ய வேண்டியது. முதலாவது, தலைக்குக் கட்டிச் சவர்க்காரம் போடுவதை இன்றோடு நிறுத்துங்கள். ஷாம்பூ வன்னீரில் இப்படித் திரளாது. அதை நேரே உச்சியில் ஊற்றாமல், ஒரு தேக்கரண்டியை அரைக் கோப்பைத் தண்ணீரில் கலக்கித் தலைத்தோலில் மட்டும் தேயுங்கள். கழுவும்போது வழிகிற நுரையே நுனிமுடிக்குப் போதும்.

இரண்டாவது, ஏற்கெனவே படிந்த கசடை எடுக்கப் புளிப்பு வேண்டும். 2 லீற்றர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி தேசிப்புளி, விதையும் சக்கையும் இல்லாமல் வடித்தது. ஷாம்பூவைக் கழுவிய பின் இதை முடி முழுக்க நனையும்படி மெதுவாக ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு, சாதாரணத் தண்ணீரால் அலசுங்கள். வாரத்தில் ஒரு தரம் போதும். மூன்று நான்கு முழுக்கில் வித்தியாசம் தெரியும். “கொஞ்சம் கூடப் போட்டால் கெதியாகப் போகும்” என்று முழுத் தேசிக்காயைப் பிழிந்து நேரே தேய்க்காதீர்கள். தலைத்தோல் எரிந்து புண்ணாகும்.

இதில் பலருக்குத் தெரியாத ஆபத்து ஒன்று உண்டு. தேசிப்புளி பட்ட தோலில் வெயில் பட்டால் சுட்ட மாதிரிச் சிவந்து, சில வேளை கொப்புளித்து, பிறகு மாதக் கணக்கில் போகாத கருந்தழும்பாக நிற்கும். கிணற்றடியில் பத்து மணி வெயிலில் நின்று தேசிக்காய் வைத்து முழுகும் பெண்களின் கழுத்திலும் முதுகிலும் தண்ணீர் வழிந்த கோடாகவே அந்தக் கருமை தெரியும். காலை வெயில் ஏறுமுன் அல்லது அந்திப்பட்ட பிறகு முழுகுங்கள். கழுத்து, தோள், கை எல்லாவற்றையும் கடைசியில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

மூன்றாவது, உவர். இது வன்மையிலிருந்து வேறு. கடலுக்குக் கிட்டிய கிணறுகளில் ஆனி, ஆடி, ஆவணியில் தண்ணீர் இறங்க இறங்க உப்புக் கூடும், வாயில் வைத்தாலே தெரியும். உப்பு முடியில் காய்ந்து நின்று, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிசுபிசுக்கும். இதற்குத் தேசிப்புளி உதவாது. முழுக்கைக் கிணற்றிலேயே முடியுங்கள். கடைசி அலசலுக்கு மட்டும் 2 லீற்றர் பைப் தண்ணீரோ மழைத் தண்ணீரோ வைத்துக்கொள்ளுங்கள். தலையைக் குனிந்து, கோப்பையால் மொண்டு சிறிது சிறிதாக ஊற்றினால் இடுப்பளவு கூந்தலுக்கும் அது காணும். வாடை மழையைப் பிடித்து வைப்பவர்கள் முதல் பதினைந்து இருபது நிமிட மழையைக் கூரையைக் கழுவ விட்டுவிட்டுப் பிடியுங்கள். பீப்பாய் வாயை இடைவெளியில்லாமல் நுளம்பு வலையால் கட்டுங்கள். கூந்தலுக்காக வீட்டில் டெங்கு வளர்க்கக் கூடாது.

குளியலறைக் குழாயில் பூட்டும் வடிகட்டிகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கரி நிரப்பிய சாதாரண வடிகட்டி குளோரினையும் வாடையையும் எடுக்கும், வன்மையை எடுக்காது. அதற்கு உப்பிட்டுப் புதுப்பிக்கும் வேறு வகைக் கருவி வேண்டும், விலையும் கூட. தேசிக்காய் மலிவு.

கேள்வி: மாமி இன்னும் அரப்பு அவித்துத்தான் முழுகுகிறா. எனக்கு அது வைத்தால் தலை முழுக்கத் தூள், எண்ணெயும் போவதில்லை. அரப்பு நல்லதா, ஷாம்பூ நல்லதா?
– வாசகி, தம்பலகாமம்

பதில்: மாமி சொல்வதில் விஷயம் இருக்கிறது. அரப்புக்கு அவிக்கும் சீயாக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரைப்பது சப்போனின் என்ற பொருள். அது சவர்க்காரம் போல வன்னீரில் கசடாகாது. சீயாக்காய்த் தண்ணீருக்கு இயல்பாகவே இலேசான புளிப்பும் உண்டு. ஷாம்பூ வருமுன்னர் நம் கிணற்றுத் தண்ணீரில் நீண்ட கூந்தல் வளர்த்தவர்கள் அரப்பை விடாமல் பிடித்திருந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

உங்களுக்குச் சரிவராததற்குக் காரணம் இரண்டு: வடிக்கவில்லை, எண்ணெய் கூடிவிட்டது. தோள் தாண்டிய முடிக்கு அளவு இது. சீயாக்காய்த் தூள் 2 மேசைக்கரண்டி, இரவே ஊறவைத்த வெந்தயம் ஒரு தேக்கரண்டி, தண்ணீர் 2 கோப்பை. மெல்லிய நெருப்பில் பத்து நிமிடம் அவித்து, ஆறவிட்டு, கையால் பிசைந்து, பழைய பருத்தித் துணியில் இறுக்கிப் பிழியுங்கள். தேநீர் வடியில் வடித்தால் தூள் வரத்தான் செய்யும். கிடைக்கும் வழுவழுப்பான தண்ணீரை மட்டும் தலைத்தோலில் ஊற்றித் தேய்த்து, மூன்று நிமிடம் விட்டுக் கழுவுங்கள். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், பட்டால் நன்றாக எரியும். மிஞ்சியதை வைத்துக்கொள்ள வேண்டாம், அடுத்த நாளே புளித்துவிடும்.

எண்ணெய் இரண்டு தேக்கரண்டிக்கு மேல் போனால் அரப்பால் அதை எடுக்க முடியாது. முழுகுவதற்கு ஒரு மணித்தியாலம் முன் நுனிமுடிக்கு அதிகமாகவும் உச்சிக்குக் குறைவாகவும் பூசுங்கள், நம்மவர் வழக்கத்துக்கு நேர்மாறாக. தேங்காய் எண்ணெய் முடியின் உள்ளே ஊடுருவி, நனையும்போது முடி ஊதிப் பலவீனப்படுவதைக் குறைக்கும். வாசனை போட்டு விற்கும் கனிம எண்ணெய் மேலே மினுக்கும், உள்ளே போகாது. நிறைய எண்ணெய் வைத்து முழுகும் வெள்ளிக்கிழமைகளில் ஷாம்பூவே வையுங்கள். மாமி கோபிக்க மாட்டா.

கேள்வி: வயது 22. இரவில் நிறைய நல்லெண்ணெய் வைத்துப் படுக்கிறேன், காலையில் தேசிக்காய்ப் பாதியால் தேய்க்கிறேன். அப்படியும் பொடுகு கூடிக்கொண்டே போகிறது. இப்போது முதுகிலும் நெஞ்சிலும் வெளிறிய தேமல் வேறு.
– வாசகர், சீனக்குடா

பதில்: தம்பி, பொடுகு வறட்சியால் வருவதென்றுதான் பலர் எண்ணெயை ஊற்றுகிறார்கள். பொடுகின் பின்னால் இருப்பது எல்லோர் தோலிலும் வாழும் மலசீசியா என்ற பூஞ்சை. அதற்குச் சாப்பாடே எண்ணெய்ப் பசை. இரவு முழுவதும் எண்ணெய் வைத்துத் தலையணையில் வேர்த்துக் கிடப்பது அதற்கு விருந்து வைப்பது போல. காலையில் தேசிக்காய் தேய்ப்பதால் தோல் எரிந்து இன்னும் செதில் விடும். அதைப் பார்த்து மறுபடியும் எண்ணெய் வைக்கிறீர்கள்.

உங்கள் தேமலும் பெரும்பாலும் அதே பூஞ்சையின் வேலைதான். வேர்வையும் புழுக்கமும் உள்ள இடங்களில் அது சாதாரணம், அழுக்கால் வருவதுமல்ல, ஒட்டுவதுமல்ல.

எண்ணெயை ஒரு மாதம் முழுக்க விடுங்கள். பாமசியில் கீற்றோகொனசோல் 2 சதவீத ஷாம்பூ கேளுங்கள். வாரத்துக்கு இரண்டு தரம், நான்கு வாரம். தலையை நனைத்து, தேய்த்து, ஐந்து நிமிடம் அப்படியே விட்டுக் கழுவ வேண்டும். பலர் பிழைவிடும் இடம் அந்த ஐந்து நிமிடம்தான். மருந்து வேலை செய்ய நேரம் கொடுக்காமல் உடனே கழுவிவிட்டு “சரிவரேல்ல” என்பார்கள். குறைந்த பிறகும் இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் போடுங்கள், இல்லாவிட்டால் திரும்பி வரும். தேமலுக்கும் அதே ஷாம்பூவை முதுகு, நெஞ்சு, தோள் எங்கும் பூசி ஐந்து நிமிடம் விட்டுக் கழுவலாம், நாளுக்கு ஒரு தரம், ஐந்து நாள். அதற்கு மேல் வேண்டாம். பூஞ்சை செத்தாலும் வெளிறிய நிறம் உடனே மாறாது, தோல் பழைய நிறத்துக்கு வர இரண்டு மூன்று மாதம் செல்லும். செதில் இல்லாமல் நிறம் மட்டும் நின்றால் மருந்தைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியதில்லை. அந்த வெளிறிய இடத்தில் உணர்ச்சி குறைவாக இருந்தால் மட்டும் கைவைத்தியத்தை விட்டு உடனே தோல் கிளினிக்குக்குப் போங்கள்.

கேள்வி: குழந்தைக்கு நான்கு மாதம். தலையைக் கோதினால் கை நிறைய முடி வருகிறது. நான் ஸ்காஃப் கட்டுபவள். அதனால்தான் கொட்டுகிறது என்று சொல்கிறார்கள். உண்மையா?
– வாசகி, கிண்ணியா

பதில்: ஸ்காஃபின் மேல் பழி போட வேண்டாம். கர்ப்ப காலத்தில் உதிர வேண்டிய முடியெல்லாம் ஹோர்மோன் காரணமாக உதிராமல் நிற்கும். பிள்ளை பிறந்து இரண்டு முதல் நான்கு மாதத்தில் அவ்வளவும் சேர்த்து உதிரும். வேர் சாவதில்லை. பிள்ளையின் முதல் பிறந்தநாளுக்குள் பெரும்பாலும் பழையபடி வந்துவிடும். நெற்றியோரத்தில் குட்டை முடி குத்திட்டு நிற்கத் தொடங்குவது அதன் அடையாளம். கடும் காய்ச்சலுக்குப் பிறகும் இப்படி நடக்கும். டெங்கு வந்து தேறியவர்கள் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுகிறதென்று பயப்படுவார்கள். 2017 இல் டெங்குவால் பட்டபாட்டைக் கிண்ணியாவில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள், அதனால் இதையும் சொல்லி வைக்கிறோம்.

எண்ணெயோ மாத்திரையோ இந்த உதிர்வை நிறுத்தாது. ஆனால் இரத்தம் குறைந்திருந்தால் அது நீளும். களைப்பு, மூச்சு வாங்குதல், படியேறும்போது நெஞ்சு படபடப்பு இருந்தால் இரத்தத்தில் இரும்பு அளவும் தைரொயிட்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கிளினிக்கில் தந்த இரும்புச் சத்து மாத்திரை அலுமாரியில் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைத் தேநீரோடு விழுங்கினால் பாதி வீண். தேயிலையிலுள்ள தனின் இரும்பைப் பிடித்து வைத்துவிடும். கல்சியம் மாத்திரையோடு சேர்த்தும் எடுக்காதீர்கள். சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழித்து, தேசிக்காய்த் தண்ணீரோடு இரும்பு, தேநீருக்கு அதற்குப் பின் இன்னும் ஒரு மணித்தியாலம், கல்சியம் வேறொரு வேளைக்கு. சாப்பாட்டில் கீரிமீன், சாளை, முட்டை, பயறு, முருங்கையிலை எல்லாம் நம் சந்தையில் கிடைப்பவைதான். பாலூட்டும்போது முடி வளரும் மருந்தென்று மினொக்சிடில் வாங்கிப் பூச வேண்டாம்.

ஸ்காஃபில் கவனிக்க வேண்டியது இரண்டே. ஈர முடியைச் சுருட்டிக் கட்டிவிட்டு அதன்மேல் துணியைச் சுற்றினால் நாள் முழுவதும் உள்ளே புழுங்கும், மணக்கும், பொடுகும் வரும். முழுக்கை மாலைக்கு மாற்றி, விரித்துவிட்டுக் காயவையுங்கள். அடுத்தது கொண்டை. முன்முடியை இறுக்கி இழுத்துத் தினமும் ஒரே இடத்தில் கட்டினால் காதோரமும் நெற்றியோரமும் ஏறத் தொடங்கும். இந்த உதிர்வு நாள்பட்டால் திரும்பி வராது. கொண்டையைத் தளர்த்தி, கட்டும் இடத்தை மாற்றி மாற்றிக் கட்டுங்கள். உள்ளே போடும் தொப்பி பருத்தியில் இருக்கட்டும். நாளுக்கொன்று மாற்றக்கூடியதாக மூன்று நான்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகளுக்கு எட்டு வயது, பள்ளிக்கூடத்தில் இருந்து பேன் கொண்டுவருகிறாள். அன்னமுன்னா விதையை அரைத்துப் பூசச் சொன்னார்கள். பூசலாமா?
– ஒரு தாய், உப்புவெளி

பதில்: பூசாதீர்கள். பேன் செத்தாலும் சாகும், ஆனால் அந்த விதைத்தூள் கண்ணில் பட்டால் கருவிழியின் மேற்பரப்பே உரிந்துவிடும். பொறுக்க முடியாத வலியோடு பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டிவரும். தற்செயலாகப் பட்டுவிட்டால் உடனே சுத்தமான தண்ணீரைக் குறைந்தது இருபது நிமிடம் கண்ணில் ஊற்றியபடி இருந்து, பிறகு கண் வைத்தியரிடம் போங்கள். மண்ணெண்ணெயும் அப்படித்தான். தோலைப் பொசுக்கும், அடுப்படியில் தீயும் பிடிக்கும்.

மருந்தில்லாமல் முடிக்கலாம், பொறுமை மட்டும் வேண்டும். முழுகி, கொண்டிஷனரைத் தாராளமாகப் பூசுங்கள். வழுக்கலில் பேன் ஓட முடியாது. அகலப் பல் சீப்பால் சிக்கெடுத்து, முடியை நான்கு பகுதியாகப் பிரித்துக் கட்டுங்கள். விரலகல முடியாக எடுத்து, பேன் சீப்பின் பற்கள் தலைத்தோலைத் தொட, அடியிலிருந்து நுனி வரை ஒரே இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். காதுக்குப் பின்னும் பிடரியிலும் இரண்டு தரம் இழுங்கள், அங்கேதான் அதிகம். முதல் நாள், 5 ஆம் நாள், 9 ஆம் நாள், 13 ஆம் நாள் என்று நான்கு தரம். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள் செல்லும். பொரித்த குஞ்சு வளர்ந்து முட்டையிடுவதற்குள் பிடித்துவிடுவதுதான் இந்தக் கணக்கு. ஒரு நாள் நன்றாக வாரிவிட்டு நிறுத்தினால் இரண்டாம் வாரம் மறுபடி நிறைந்திருக்கும். பிறகு “பள்ளிக்கூடத்தில் இருந்து திரும்ப வந்தது” என்போம்.

மருந்துதான் வேண்டுமென்றால் பேர்மெத்ரின் 1 சதவீதம், பத்து நிமிடம், ஏழு முதல் பத்து நாளில் மறுபடி ஒரு தரம். அதற்கு முன் கொண்டிஷனர் பூசக் கூடாது, மருந்து முடியில் பிடிக்காது. வீட்டில் எல்லோர் தலையையும் அதே நாளில் பாருங்கள், அம்மம்மாவையும் சேர்த்து. மெத்தை தலையணைக்கு மருந்தடிக்கத் தேவையில்லை. தலையை விட்டு விழுந்த பேன் ஓரிரு நாளில் செத்துவிடும்.

கேள்வி: கலியாணத்துக்கு இரண்டு மாதம். பேரில்லாத சிறு டப்பாவில் ஒரு கிறீம் வாங்கினேன், ஒரு கிழமையிலேயே முகம் வெளுத்தது. இப்போது வெயில் பட்டால் எரிகிறது. தொடரலாமா?
– வாசகி, மூதூர்

பதில்: இன்றே நிறுத்துங்கள். ஒரு வாரத்தில் வெளுக்க வைக்கும் பேரில்லாக் கிறீமில் இருப்பது பெரும்பாலும் பாதரசம் அல்லது கடும் ஸ்டீரொயிட், சிலவற்றில் இரண்டும். பாதரசம் தோல் வழியாக உடலுக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். துவாயிலும் தலையணையிலும் ஒட்டி வீட்டிலுள்ள குழந்தைக்கும் போகும். உறையில் கலோமெல், மேர்க்குரஸ் குளோரைட் என்றோ, “தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பாவிக்கவும்” என்றோ இருந்தால் அது பாதரசம். ஸ்டீரொயிட்டை நிறுத்தியதும் சில நாளில் முகம் சிவந்து, எரிந்து, பரு பொங்கும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி பூசுவதுதான் பொறி. டப்பாவை எறியாமல் பொலித்தீனில் சுற்றி எடுத்துக்கொண்டு தோல் வைத்தியரிடம் போங்கள். முகத்துக்கு வாசனையில்லாத சாதாரண ஈரக் கிறீமும், வெளியே போகும்போது எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிறீனும், குடையும். முகத்துக்கும் கழுத்துக்கும் சன்ஸ்கிறீன் இரண்டு விரல் நீளம் வேண்டும். பயறளவு தொட்டுத் தடவினால் பூசாததற்குச் சமம்.

சுருக்கமாகச் சில

கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீர் முடி வளர்க்குமா (பாலையூற்று)? வளர்க்காது. ஏழு கிணற்றிலும் ஏழு விதச் சூடு. அள்ளி ஊற்றினால் உடம்பு வலிக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். கரப்பன், அரிப்பு உள்ளவர்களுக்குச் சுடுதண்ணீர் அரிப்பைக் கூட்டும். புண்ணோடு போக வேண்டாம். தோலில் ஈரம் காயுமுன் தேங்காய் எண்ணெய் கொஞ்சம் தடவுங்கள்.

நிலாவெளியில் கடலில் குளித்தால் முடி செம்பட்டை ஆகிறது (அலஸ்தோட்டம்). இறங்குமுன் நல்ல தண்ணீரால் முடியை நனைத்து, நுனிக்கு எண்ணெய் தடவிப் பின்னிவிடுங்கள். ஏற்கெனவே ஈரமான முடி உப்புத் தண்ணீரைக் குறைவாகவே குடிக்கும். நிறம் மாறுவது வெயிலால், உப்பு அதற்குத் துணை. அன்று மாலையே அலசுங்கள், மறுநாள் வரை விடாதீர்கள்.

கற்றாழை பூசினால் கடிக்கிறது (உவர்மலை). மடலை வெட்டியதும் வடியும் மஞ்சள் பால்தான் கடிப்பது. வெட்டுவாய் கீழே இருக்கும்படி கால் மணித்தியாலம் நிறுத்தி வைத்து, தோலை அந்தப் பச்சை விளிம்போடு தடிப்பாகச் சீவி, உள்ளே உள்ள கண்ணாடி போன்ற சோற்றை மட்டும் இரண்டு மூன்று தண்ணீரில் கழுவிப் பாவியுங்கள். அப்படியும் கடித்தால் உங்களுக்கு அது ஒத்துவராது, விட்டுவிடுங்கள்.

கேள்வி: நரைக்கு மருதோன்றி போட்டால் செம்மஞ்சளாக நிற்கிறது. கடையில் விற்கும் கறுப்பு மருதோன்றி அரை மணித்தியாலத்தில் கறுக்கிறது. அது நல்லதா?
– வாசகி, ஆனந்தபுரி

பதில்: மருதோன்றி இலை ஒருநாளும் கறுப்புத் தராது. அதன் சாயம் செம்மஞ்சளாகத் தொடங்கி, இரண்டு நாளில் செங்கபிலமாகும், அவ்வளவே. அரை மணித்தியாலத்தில் கறுக்கும் பக்கற்றில் பெரும்பாலும் பி.பி.டி. என்ற இரசாயனச் சாயம் இருக்கும். சிலருக்கு முதல் தரம் ஒன்றும் செய்யாது. உடம்பு அதை நினைவில் வைத்துக்கொண்டு இரண்டாம் மூன்றாம் தரத்தில் கண் இமை வீங்கி முகம் மூடிப்போகும். ஒருமுறை அப்படியானவர்களுக்குப் பிறகு எந்த இரசாயனத் தலைச்சாயமும் ஆபத்து. பெருநாளுக்கும் கலியாணத்துக்கும் பிள்ளைகளின் கையில் கறுப்பாகப் போடும் கோன்களும் இந்த வகைதான். அதில் கொப்புளித்த இடம் பூ வடிவத்திலேயே தழும்பாகும்.

இலைச் சாயத்தாலேயே கருங்கபிலம் எடுக்கலாம், இரண்டு கட்டமாக. தோளளவு முடிக்கு மருதோன்றித் தூள் 100 கிராம். ஆறிய கடும் தேயிலைச் சாயத்தில், அல்லது வெறும் தண்ணீரில், தயிர்ப் பதத்துக்குக் குழைத்து மூடி வையுங்கள். நம் வெக்கையில் மூன்று நான்கு மணித்தியாலம் போதும், மேலே கபில நிறம் படர்ந்தால் பதம். எண்ணெய்ப் பசையில்லாத முடியில் வகிடு வகிடாகப் பூசி, இரண்டு மூன்று மணித்தியாலம் விட்டு, தண்ணீரால் மட்டும் கழுவுங்கள்.

அடுத்தது அவுரித் தூள், அதே 100 கிராம். இதில்தான் பலருக்குப் பிழைக்கிறது. அவுரிக்குத் தேசிப்புளி, தேயிலை, தயிர் எதுவும் ஆகாது, புளிப்பு அதன் சாயத்தைப் பிடிக்க விடாது. இளஞ்சூட்டுத் தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் மட்டும். குழைத்துப் பதினைந்து நிமிடத்தில் பூசத் தொடங்க வேண்டும், மருதோன்றி போல மணிக்கணக்கில் ஊறவைத்தால் சாயம் செத்துவிடும். ஈர முடியிலேயே பூசி ஒன்றரை மணித்தியாலம் விடுங்கள். காய்ந்தால் பிடிக்காது, பொலித்தீன் உறையால் மூடுங்கள். கழுவியதும் பச்சை கலந்த நிறமாகத் தெரியும், பயப்பட வேண்டாம். காற்றுப் பட்டு இரண்டு நாளில் கறுக்கும். அந்த இரண்டு நாளும் ஷாம்பூவும் வேண்டாம், முதல் பதிலில் சொன்ன தேசிப்புளி அலசலும் வேண்டாம்.

இலைத் தூளென்றாலும் முழங்கை மடிப்பின் உட்புறத்தில் ஒரு சதமளவு பூசி 48 மணித்தியாலம் பாருங்கள். பக்கற்றைத் திறந்ததும் காய்ந்த இலை மணம் வர வேண்டும். தூள் கருமையாக இருந்தாலோ மருந்து மணம் அடித்தாலோ கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.